சின்னக் கடைக்கு எஸ்இஓ தேவையா?

பவானியில் ஜமுக்காளம் விற்கிறேன், வெப்சைட் இருந்தும் கூகுளில் தேடினால் வருவதில்லை, தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையான எஸ்இஓவுக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைதான், ஆனால் காசை எடுப்பதற்கு முன் உங்கள் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். முகப்புப் பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருந்தால், நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை. 'பவானி கைத்தறி ஜமுக்காளம், கல்யாணப் பந்திக்கு' என்று வையுங்கள், வாங்க வருகிறவர் அப்படித்தான் தட்டச்சு செய்து தேடுகிறார். அளவு, விலை, துவைக்கும் முறை எல்லாவற்றையும் படத்துக்குள் அடக்கிவிடாமல் எழுத்தாகவே போடுங்கள், அதுவும் போனில் சட்டென்று திறக்க வேண்டும், ஏனென்றால் கூகுள் இப்போது மொபைல் பக்கத்தை வைத்துத்தான் தளத்தை எடைபோடுகிறது. அப்புறம் கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள், அது இலவசம். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியும் இலவசம்தான், எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் தெரியும்.

விளம்பரம் பணம் தீர்ந்ததும் நின்றுவிடும். எஸ்இஓவுக்குப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மேலே வந்துவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. 'ஒரே வாரத்தில் முதலிடம்' என்று யாராவது போன் செய்தால் தயவுசெய்து நம்பாதீர்கள், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.