பூட் செய்தி வருகிறது, நான் தட்டுவது மட்டும் போர்டுக்குப் போகவில்லையே?

சின்னக் கணினிப் போர்டு ஒன்று, உபுண்டு லெப்டொப், சீரியல் வழியே எழுத்து அனுப்பி வாங்கும் மினிகொம் மென்பொருள், போர்டை லெப்டொப்போடு இணைக்கும் யுஎஸ்பி சீரியல் மாற்றி, மூன்று வயர் (அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று). பூட் செய்தி ஒழுங்காக ஓடி லொகின் வரியில் வந்து நிற்கிறது, அதற்கு மேல் எதைத் தட்டினாலும் அசைவில்லை. இதுதானே உங்கள் பிரச்சினை? அப்படியென்றால் போர்டைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. எழுத்து வாசிக்கும்படி வருவதால் பாட் ரேட் (எழுத்து போய்வரும் வேகம்) சரி, கிரவுண்ட் சரி, போர்டிலிருந்து வரும் வயரும் சரி. மிச்சம் இருப்பது போகிற வழி மட்டும்தான்.

இதே கூத்தில் நான் ஓர் இரவு முழுக்கக் கிடந்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் தெரிந்தவர் ஒருவரின் இறால் குளத்துக்கு நீர்மட்டம் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றில் வயர் கொழுவும் பின்கள் எல்லாம் கறள் பிடித்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, சுரண்டு சுரண்டென்று சுரண்டி, வயர் மாற்றி, போதாததற்கு மச்சானை அனுப்பி இன்னொரு மாற்றியும் வாங்கினேன். காசு போனதுதான் மிச்சம். கடைசியில் போர்டை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு, மாற்றியின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் கோர்த்தேன். இப்போது தட்டுகிற எழுத்து சுற்றிவந்து திரையில் விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. போர்டே இல்லாதபோதும் கோளாறு அப்படியே இருக்கிறதென்றால் அது என் லெப்டொப்பில் அல்லவா இருக்கிறது!

விசயம் இதுதான்: மினிகொம்மில் ஹார்ட்வெயார் ஃப்ளோ கன்ட்ரோல் வழக்கமாகவே ஓன் ஆகித்தான் இருக்கும். அது ஓனில் இருந்தால் எதிர்ப்பக்கம் சிடிஎஸ் வயரில் "அனுப்பு" என்று சொல்லும்வரை கணினி ஓர் எழுத்தையும் வெளியே விடாது. மூன்று வயர் இணைப்பில் சிடிஎஸ்ஸே கிடையாது, அப்புறம் யார் சொல்வது? வருவதை அது தடுக்காது, அதனால்தான் பாதி வேலை செய்து நம்மை ஏமாற்றுகிறது. கன்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டு ஓ தட்டுங்கள், சீரியல் போர்ட் செட்டப் என்ற பகுதிக்குள் போய் எஃப் தட்டி அதை நோ ஆக்குங்கள். நான் அதை மாற்றிவிட்டு ஒரு விசையை அழுத்திப் பிடித்தேன், ஒரே எழுத்து திரை நெடுக ஓடியது. மினிகொம் போன்ற இன்னொரு மென்பொருளான பிக்கோகொம் பாவித்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதில் ஃப்ளோ கன்ட்ரோல் வழக்கமாக ஓஃப். நான் இப்போது அதற்கே மாறிவிட்டேன்.

சுற்றுச் சோதனையில் எழுத்து திரும்பி வந்து, போர்டில் மட்டும் ஏறவில்லையென்றால் அப்போது வயரைப் பாருங்கள். மாற்றியின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். போர்டு 3.3 வோல்ட் என்றால் மாற்றியில் உள்ள ஜம்பர் 5 வோல்ட்டில் நிற்கிறதா என்று மல்ரிமீற்றரால் டிஎக்ஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்துவிட்டே கொழுவுங்கள், எரிந்த பின் அளந்து பயனில்லை.

போர்ட் திறக்கவில்லை, தெரியவே இல்லை என்று வருகிறவர்களுக்கு: அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் உள்ள மாற்றி செருகிய உடனேயே காணாமல் போனால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கருவி உங்கள் வீட்டில் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிட்டு மாற்றியைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள்.