பூண்டுப் பாத்தி ஓரத்தில் கோல்சிகம் வேண்டாம்

கேள்வி: கொடைக்கானல் வில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் மலைப்பூண்டும் பீன்ஸும் போட்டிருக்கிறோம். கறவை மாடு ஒன்று இருக்கிறது. பேரனுக்கு மூன்று வயது. பக்கத்து பங்களாத் தோட்டக்காரர் கோல்சிகம் கிழங்கு கொஞ்சம் கொடுத்தார். ஐப்பசி வாக்கில் இலையே இல்லாமல் இளம் ஊதாவில் பூக்குமாம். விஷம் என்றும் சொல்கிறார். பூண்டுப் பாத்தி ஓரமாக வரிசை கட்டி நடலாம் என்றிருக்கிறேன். சரிதானா? லண்டனில் இருக்கும் மகளை இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: கோல்சிகம் வளர்க்கலாம் அம்மா. பூண்டுப் பாத்தி ஓரம் மட்டும் கூடவே கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம், விதைக்காகவே கண்வலிக்கிழங்கு பயிர் செய்கிறார்கள் அல்லவா? நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. அந்தக் கிழங்கைத் தின்றால் பிழைப்பது கடினம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோல்சிகத்தில் இருப்பதும் அதே விஷம், கோல்சிசின். ஒட்டன்சத்திரத்து விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போவதும் இதற்காகத்தான். கவுட் என்னும் மூட்டுவலிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இது அரை மில்லிகிராம் இருக்கும். காய்ந்த கோல்சிகக் கிழங்கின் எடையில் 0.6 சதவீதம் வரை இருக்கலாம். அப்படியென்றால் ஒரு கிராம் தூளிலேயே பன்னிரண்டு மாத்திரை அளவு. விதையில் இன்னும் அதிகம். பூ, இலை, தண்டு எதுவும் விலக்கில்லை. வேகவைத்தாலும் காயவைத்தாலும் விஷம் போகாது.

தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து. உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே இது நிறுத்திவிடும். அதனால் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் குடலின் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் பலமாக அடிபடும். தின்றதும் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அதற்குள் பிள்ளை எதைத் தின்றான் என்பதே வீட்டில் மறந்துபோயிருக்கும். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம், ஈரல், இதயம் வரை பாதிக்கலாம். கைவசம் கிடைக்கிற முறிமருந்து எதுவும் இதற்குக் கிடையாது.

இப்போது பாத்திக்கு வருவோம். பூத்திருக்கும் கோல்சிகத்தை யாரும் தின்னப்போவதில்லை. நான் பயப்படுவது பூ இல்லாத மாதங்களுக்கு. பூ வாடி, குளிர் கழிந்த பிறகுதான் இலை வரும்: பளபளப்பான, ஒரு சாண் நீளத்துக்கும் மேலான கரும்பச்சை இலை. நடுவில் காயும் மண்ணுக்குள்ளிருந்து மேலே ஏறி வரும். அப்போது பூவின் அடையாளமே இருக்காது. ஐரோப்பாவில் இந்த இலையைக் காட்டுப்பூண்டு இலை என்று நினைத்துப் பறித்துச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். ஆனால் இரண்டு பூண்டு இலையைப் பறித்த விரலில் மூன்றாவது இலையும் பூண்டாகத்தான் மணக்கும். காலையிலிருந்து பூண்டு உரிக்கும் உங்கள் வீட்டில் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. கோல்சிக இலை மலைப்பூண்டு இலையை விட நன்றாக அகலம்தான், உங்களுக்கு வித்தியாசம் தெரியும். அவசரத்தில் கொத்தாகப் பிடுங்கும் கூலியாளுக்குத் தெரிய வேண்டுமே.

கிழங்கு அதை விட மோசம். கையில் எடுத்துப் பாருங்கள். சின்ன வெங்காயத்தை விடப் பெரிது, மேலே பழுப்பு நிறத்தில் காகிதம் போன்ற தோல், ஒரு பக்கம் தட்டையாக நெடுக்கே பள்ளம், அடியில் ஓரமாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பூண்டு போல இதில் பற்கள் இருக்காது. சமையலறைக் கூடைக்குள் விழுந்துவிட்டால் இவ்வளவையும் யார் பார்ப்பார்கள்? இன்னொன்று, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மேசை மேல் கிடந்தாலே இது பூத்துவிடும். அழகுக்கு ஜன்னலோரம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேரன் கைக்கு எட்டும்.

ஆகவே தொட்டிதான். பன்னிரண்டு அங்குல மண்தொட்டி, அடியில் ஓட்டுச்சில்லு, செம்மண்ணும் பருமணலும் இலைமக்கும் சம அளவு. நான்கு அங்குல ஆழத்தில், மூக்குப் பக்கம் கீழே இருக்கும்படி நடுங்கள். கிடைத்த கிழங்கை வைத்திருக்காமல் உடனே நட்டுவிடுவது நல்லது. முதல் வருடம் கிழங்கில் சேர்ந்திருக்கும் சத்திலேயே பூத்துவிடும். அடுத்த வருடப் பூ, இலை நிற்கும் மாதங்களில் நல்ல வெயில் கிடைப்பதைப் பொறுத்தது. இலை தானாகப் பழுத்துச் சாயும் வரை வெட்டாதீர்கள். அதன் பிறகு கிழங்கு தூங்கும். அப்போது ஈரம் ஆகவே ஆகாது. கொடைக்கானலில் கோடை மழையும் அதை ஒட்டி ஆடிச் சாரலும் அந்த நேரத்தில்தான் வரும். தரையில் நட்டால் பெரும்பாலும் அழுகிவிடும். தொட்டியென்றால் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம். காட்டுப்பன்றி கிளறி வழியில் போடுமே என்ற கவலையும் இல்லை. கம்பிவலை அடித்த உயரமான திண்டில் வையுங்கள். தொட்டியிலேயே பெயின்ட்டில் "விஷக்கிழங்கு" என்று எழுதிவிடுங்கள்.

பழுத்த இலையை மாட்டுக்குப் போடும் புல்லோடு சேர்க்காதீர்கள். காய்ந்த தீவனத்திலும் விஷம் நிற்கும். தின்ற மாட்டின் பாலிலும் அது வரும். தனியாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

யாராவது தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தி வருகிறதா என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு, மீதமிருக்கும் இலையையோ கிழங்கையோ பையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே விஷம், கோல்சிசின்" என்று சொன்னால் டாக்டருக்குப் புரியும்.

மகளைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கு கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இடம் கொடுக்காது. பெட்டிக்குள் வருகிற கிழங்கோடு பூஞ்சையும் நூற்புழுவும் வந்தால் உங்கள் பூண்டுக்கே கேடு.

உங்களிடத்தில் நானாக இருந்தால், பேரன் கொஞ்சம் வளரும் வரை இந்தக் கிழங்கைத் தோட்டக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நர்சரியில் நெரைன் கிடைக்கிறதா என்று விசாரிப்பேன். அதில் பவுடெனி என்ற வகை தென்னாப்பிரிக்காவில் கோடை மழை பெய்யும் மலைகளிலிருந்து வந்தது. அதனால் நம் மலை மழை அதற்கு அவ்வளவு அந்நியமில்லை. அதுவும் இலையுதிர்காலத்தில், ரோஸ் நிறத்தில், ஒரே தண்டில் கொத்தாகப் பூக்கும். அதன் கிழங்கும் தின்னக்கூடியதல்ல, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆனால் கோல்சிசின் அதில் இல்லை. அதையும் பூண்டுப் பாத்தியிலிருந்து தள்ளி, வீட்டு முன்பக்கமாக நடுங்கள்.