அதிகாரத்துக்கு முன்னாடி வாய் திறந்த கலை: கேள்வி பதில்

வணக்கம். பழைய பாட்டு, கூத்து, நாடகம் இந்த மூணும்தான் நான் கொஞ்சம் ஆழமா படிச்சது, அதுல கேளுங்க. சினிமா வேணாம், அதுக்கு என்னவிட தெரிஞ்சவங்க இருக்காங்க.

கேள்வி: சங்கப் புலவர்கள் எல்லாம் ராஜாவ புகழ்ந்து காசு வாங்கினவங்கதானே அக்கா? அவங்கள எதுக்கு எதிர்ப்பு இலக்கியத்துல சேக்குறாங்க?

வாங்கினாங்க, இல்லன்னு யார் சொன்னா. ஆனா புறநானூறு 206 எடுத்து பாருங்க, அதியமான் பரிசு குடுக்காம இழுத்தடிக்கிறான், ஔவையார் நேரா அவன்கிட்ட போகாம வாயில்காப்பான கூப்பிட்டு, உங்க ராஜாவுக்கு தன்னையே தெரியலயா, இல்ல என்னத்தான் தெரியலயா, நாங்க எந்தப் பக்கம் போனாலும் சோறு கிடைக்கும்னு சொல்லிட்டு மூட்டையக் கட்டுறாங்க. 208-ல பெருஞ்சித்திரனாரும் அதே அதியமான்கிட்டதான் போறார், அவன் ஆள பாக்காமலே பரிசு குடுத்து அனுப்புறான், இவர் நான் வியாபாரி இல்ல, வேணாம்னுட்டார். இவங்க யாரும் சாப்பாட்டுக்கு வழி இருந்து பேசல, பசியோட நின்னு பேசினாங்க.

இன்னொண்ணு, இவங்க திட்டும்போதும் புகழ்ற மாதிரியேதான் இருக்கும். 95-ல ஔவையார், அதியமானுக்கு எதிரா நின்ன ராஜா தொண்டைமானோட ஆயுதத்த ஆகா ஓகோன்னு சொல்றாங்க, மயில்பீலி கட்டி நெய் பூசி காவலோட பளபளன்னு இருக்காம், எங்க ஆள் அதியமானோட வேலெல்லாம் உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்காம். கேக்கறவனுக்கு முதல்ல சந்தோஷமா இருக்கும், உன் ஆயுதம் சண்டையே பாத்ததில்லைன்னு சொல்றாங்கன்னு அப்புறம்தான் உறைக்கும். அதனால எந்தப் பாட்டையும் புகழ்ச்சின்னு ஒதுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும், யார் சோறு போட்டா, பாடும்போது யார் எதிர்ல உக்காந்திருந்தா. என்கிட்ட இருக்கற அளவுகோல் இவ்ளோதான்.

கேள்வி: தெருக்கூத்துல கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் பண்றானே, ஊர் பெரியவங்க எப்படி விட்டாங்க?

கோமாளி சொன்னத சீரியஸா எடுத்துக்கிட்டா எடுத்துக்கிட்டவனுக்குத்தான் அசிங்கம், அதான் விட்டாங்க! பெரிய கிரீடம் வச்சுட்டு ராஜா வருவார், கட்டியங்காரன் யாருப்பா நீன்னு கேப்பான், ராஜா தன்ன தானே அறிமுகம் பண்ணிக்கணும். அப்புறம் மகாபாரதக் கதைக்கு நடுவுலயே இன்னைக்கு பேச்சுல முன்வரிசை பெரிய மனுஷன் காதுல விழற மாதிரி ஒண்ணு விடுவான், எழுத்துல எதுவும் இருக்காது, விடிஞ்சா யார்கிட்டயும் ஆதாரம் இல்ல. ஆனா ஓவரா கொண்டாட வேணாம், அந்த முன்வரிசைக்காரரும் காசு குடுத்துதான் கூத்து நடக்குது, எவ்ளோ தூரம் போகலாம்னு கட்டியங்காரனுக்கு நல்லாவே தெரியும்.

கேள்வி: நாடகத்துக்கு தணிக்கை வெள்ளைக்காரன் காலத்தோட முடிஞ்சிருச்சா சார்?

(சார் இல்ல, மேடம். பரவால்ல.) முடியல. 1876-ல நாடகச் சட்டம் வந்துச்சு, எந்த நாடகத்தையும் அவதூறு, ராஜதுரோகம், ஆபாசம்னு சொல்லி நிறுத்தலாம். அதுக்கும் நம்ம ஆளுங்க வழி வச்சிருந்தாங்க. வள்ளி திருமணம் நாடகத்துல வள்ளி தினைப்புனத்துல பறவை ஓட்டுவா இல்ல, அந்த இடத்துல நாடக நடிகர் விசுவநாததாஸ் வெள்ளைக் கொக்கு பறக்குதுன்னு பாடுவார், கொக்கு யாருன்னு கொட்டகைக்கே தெரியும், வெளிய காத்திருக்கற போலீசுக்கும் தெரியும், திரும்பத் திரும்ப ஜெயிலுக்கு போனார். 1940 கடைசி நாள் மெட்ராஸ்ல முருகன் வேஷத்துல மேடையிலயே இறந்துட்டார். இதுல பலர் சொல்லாம விடறது, சவரத் தொழில் பண்ற சாதியில பிறந்தவர்ங்கறதால அவர்கூட ஜோடியா நடிக்க மாட்டேன்னவங்களும் இருந்தாங்க. அவர் ரெண்டு அதிகாரத்துக்கு எதிர்ல நின்னார், நாம ஒண்ண மட்டும் சொல்லி மாலை போடறோம்.

சுதந்திரம் வந்தப்புறம் 1954-ல மெட்ராஸ் அரசாங்கமே தனியா ஒரு நாடகச் சட்டம் போட்டுச்சு, எம்.ஆர்.ராதா நாடகங்கள் கிளப்பின சூட்டுலதான். ஸ்கிரிப்ட்ட முன்னாடியே போலீஸ்கிட்ட காட்டுங்கற நிலைமை. ராதா மேடையில அன்னைக்கு பேப்பர் செய்தியவே இழுத்து பேசறவர், அவர எந்த ஸ்கிரிப்ட்ல பிடிப்பீங்க? அந்தச் சட்டத்தோட முக்கியப் பிரிவுகள் செல்லாதுன்னு 2013-லதான் ஐகோர்ட் சொல்லுச்சு.

கேள்வி: நந்தனார் சரித்திரக் கீர்த்தனை சாதிக்கு எதிரானதா, ஆதரவானதா? ரெண்டு விதமாவும் சொல்றாங்களே.

ரெண்டும் சரி, அதான் சிக்கல். நந்தன், கோயிலுக்குள்ள விடாத சாதியில பிறந்த சிவபக்தர், சிதம்பரம் போய் சாமி பாக்கணும்னு ஏங்கினவர். பெரியபுராணத்துல அவர அடக்கற பண்ணையாரே கிடையாது. 19ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதி, அவரும் பிராமணர்தான், ஒரு வேதியர் பண்ணையார புதுசா உண்டாக்கி, 40 வேலி (வேலின்னா பழைய நில அளவு) நிலத்துல வேலைய முடிச்சுட்டு சிதம்பரம் போன்னு சொல்ல வைக்கிறார். பக்திக் கதைக்குள்ள நிலமும் கூலி வேலையும் வந்து உக்காந்துருச்சு, கேட்டுட்டு இருந்தவங்களுக்கு அது அவங்க வீட்டு விஷயம். ஆனா அப்புறம் என்ன ஆகுது? ஒரே ராத்திரியில பயிர் தானா விளைஞ்சுடுது, பண்ணையார் கும்பிடறார், நந்தன் தீயில இறங்கித்தான் கோயிலுக்குள்ள போகணும். ஒரு குழி நிலம்கூட கை மாறல. துணிஞ்சு கேள்வி கேட்டுட்டு, பதில சாமி தலையில போட்டுட்டார்னுதான் எனக்கு தோணும். புதுமைப்பித்தன் புதிய நந்தன்னு கதை எழுத வேண்டி வந்ததும் இதனாலதான்.

கேள்வி: இப்ப அரசாங்கம் தடை பண்றதவிட ஊர்க்காரங்க, சாதிக்காரங்க மிரட்டறதுதானே ஜாஸ்தி?

ஆமா. எழுத்தாளர் பெருமாள்முருகன் விஷயம் தெரியும்ல, அவரோட மாதொருபாகன் நாவல் வந்தது 2010, நாலு வருஷம் கழிச்சு போராட்டம், பேச்சுவார்த்தைங்கற பேர்ல அவர மன்னிப்பு கேக்க வச்சாங்க, 2015 ஜனவரியில எழுத்தாளன் செத்துட்டான்னு ஃபேஸ்புக்ல போட்டார். 2016 ஜூலையில ஐகோர்ட் அவர் பக்கம் நின்னுச்சு. அதே வருஷம் பூனாச்சி வந்துச்சு, ஒரு ஆட்டோட கதை. மனுஷங்கள பத்தி எழுத பயமா இருக்குன்னு முன்னுரையிலயே சொல்லிடறார், உள்ள பாத்தா குட்டி ஆட்டுக்குக்கூட அரசாங்கம் காது குத்தி கணக்குல எழுதுது. ஔவையார் பண்ண அதே வேலை, ஆடு வேஷத்துல.

கேள்வி: கடைசியா ஒண்ணு, இதனால எல்லாம் ஏதாவது மாறியிருக்கா?

சில தடவை. புறநானூறு 46-ல கோவூர்கிழார் ஒரு பாட்டால, சோழ ராஜா யானைக் காலுல போட இருந்த, மலையமான்ங்கற குறுநில மன்னனோட பிள்ளைங்கள காப்பாத்தினார்னு குறிப்பு இருக்கு. 35-ல வெள்ளைக்குடி நாகனார் பாடி நிலவரி பாக்கிய தள்ளுபடி வாங்கியிருக்கார். மத்தபடி பாட்டு கேட்டு எந்த ராஜா திருந்தினான், பெரும்பாலும் சட்டம்தான் போட்டான். மணி ஆச்சு, நந்தனார் பத்தி சண்டைக்கு வர்றவங்க கீர்த்தனைய ஒரு தடவ முழுசா படிச்சுட்டு வாங்க.