வெளிநாட்டு மேடைக்குப் போகும் நாட்டுப்புறக் கலைக்குழுக்களுக்கு: கேள்வி பதில்

தெருக்கூத்து, பறை, மயிலாட்டம், மேளம் என்று வெளிநாட்டு விழாக்களுக்குப் புறப்படும் குழுக்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி (விழுப்புரம்): எங்கள் கூத்துக் குழுவில் 9 பேரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அழைத்திருக்கிறது. எந்த விசா கேட்பது?

பதில்: பி-3. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்தவோ சொல்லிக்கொடுக்கவோ போகிறவர்களுக்கான விசா அது. கூத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். முதல் மனு உங்களுடையதல்ல. அழைக்கிறவர்தான் ஐ-129 படிவத்தை அங்குள்ள குடியேற்றத் துறையில் தாக்கல் செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே நீங்கள் சென்னைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக முடியும்.

மனுவோடு ஒப்பந்தம், நாள்வாரி நிகழ்ச்சி நிரல், அந்நாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கருத்துக் கடிதம், கலையின் தனித்தன்மைக்கான சான்று ஆகியவை வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது கடைசி இனத்தில்தான். "பழமையான கலை" என்று நாலு வரி எழுதினால் போதாது. கட்டியக்காரனின் வேலை என்ன, முகவீணை என்ற ஊதுகருவி எங்கே ஒலிக்கும், அடவு எப்படி அமையும், எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் ஆடப்படுகிறது என்று துறை அறிஞர் இருவர் விரிவாகக் கடிதம் தர வேண்டும். பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்ப்போடு சேருங்கள். ஒப்பனைக்காரரும் பின்மேடை உதவியாளரும் கலைஞர் மனுவில் வர மாட்டார்கள், துணைப் பணியாளருக்குத் தனி மனு உண்டு. குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கேள்வி (சேலம்): அமெரிக்கச் சுற்றுலா விசாவே 10 வருடத்துக்குக் கைவசம் இருக்கிறது. அதில் போய் ஆடிவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. ஊதியம் பெறும் நிகழ்ச்சியும், சீட்டு விற்ற அரங்கில் தொழில்முறை நிகழ்ச்சியும் அந்த விசாவில் அடங்காது. விமான நிலையத்தில் மத்தளத்தோடு பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த விண்ணப்பத்திலும் அந்தப் பதிவு நிற்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): பழைய கஞ்சிரா ஒன்று இருக்கிறது. எடுத்துப் போகலாமா?

பதில்: உடும்புத் தோலாக இருந்தால் வீட்டை விட்டே வெளியே எடுக்காதீர்கள். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் நம் நாட்டு உடும்பு இருக்கிறது. "தாத்தா காலத்துக் கருவி" என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போட்ட கஞ்சிராவைக் கொண்டுபோங்கள்.

கேள்வி (மதுரை): மயிலாட்ட உடை?

பதில்: இதே எச்சரிக்கைதான். இயற்கையாக உதிர்ந்த பீலியானாலும் மயிற்பீலி ஏற்றுமதிக்குத் தடை. துணியில் அச்சிட்ட பீலி வைத்துத் தனி உடை தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): ஆஸ்திரேலியாவுக்கு ஆறு பறை கொண்டுபோகிறோம். தோலைப் பிடுங்கிவிடுவார்களா?

பதில்: சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும், சொல்லாவிட்டால் அபராதம். வருகை அட்டையில் விலங்குப் பொருளுக்கும் மரப் பொருளுக்கும் "ஆம்" என்று குறியுங்கள். அவர்கள் தேடுவது மூன்று: தோலில் ஒட்டிய முடியோ சதையோ, இடுக்கில் மண், மரத்தில் பூச்சித் துளை. ஆகவே புறப்படும் முன் பின்பக்கத் தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பூவரசுக் குச்சியில் பட்டை இருக்கக் கூடாது. பறையின் மரச்சட்டத்தில் துளை தெரிந்தால் அந்தப் பறையை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். சந்தேகம் வந்தால் பூச்சிக்கொல்லிப் புகையோ கதிர்வீச்சோ கொடுக்கச் சொல்வார்கள், செலவு உங்களுடையது. கூத்துக் குழுக்களும் கவனியுங்கள்: தோளில் கட்டும் புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் இலகுவான மரம் என்பதால் பூச்சி எளிதில் ஏறும்.

திரும்பி வருவதற்கும் ஏற்பாடு வேண்டும். கருவிகள் விலை கூடியவை என்றால் ஃபிக்கி என்ற இந்திய வணிகக் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னே எடுங்கள்; தீர்வை கட்டாமல் பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்க ஆவணம் அது. ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பறைக்கும் எண் எழுதி, எடை, மதிப்பு, செய்த நாடு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். வழங்கிய பிறகு ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. சென்னையில் புறப்படும்போது கார்னேயின் மஞ்சள் தாளில் சுங்க முத்திரை வாங்க மறந்தால் திரும்புகையில் தீர்வை கேட்பார்கள். சிறு குழுவென்றால், புறப்படும்போதே சுங்க மேசையில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்வது எளிது.

கேள்வி (டொராண்டோ): இவ்வளவு தொல்லை எதற்கு? செயற்கைத் தோல் போட்ட ஃபைபர் பறை எடுத்துப் போனால் சோதனையும் இல்லை, காய்ச்சும் வேலையும் இல்லை. இங்கே குளிரில் நாங்கள் அதைத்தான் அடிக்கிறோம்.

கேள்வி (மதுரை, இன்னொருவர்): ஃபைபர் பறை பறையே அல்ல. தோலைக் கழற்றிவிட்டால் வரலாற்றையும் கழற்றியது போல. மேடையில் அதை அடித்துக் காட்டுவது ஏமாற்று.

பதில்: இதைப் பற்றி மட்டும் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தோல் காற்றின் ஈரத்தை வாங்கித் தளரும், சுருதி இறங்கும். சூடு காட்டினால் ஈரம் போய் இறுகும், கணீரென்று எழும். ஃபைபருக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. வகுப்புக்கும் மழையில் ஊர்வலத்துக்கும் அது நல்லது, டொராண்டோத் தோழர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் தோலின் அடிநாதம் அதில் வராது. அரங்க நிகழ்ச்சிக்கு நான்கு தோல் பறையும் இரண்டு ஃபைபரும் எடுத்துப் போங்கள். எதை அடிக்கிறீர்கள் என்று அறிவிப்பில் சொல்லிவிட்டால் ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூடிய அரங்கில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள், புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும். தலைமுடி உலர்த்தியை ஒரு முழத் தூரத்தில் பிடித்து, பறையைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றுங்கள். ஓரத்தில் சூடு நின்றால் புளியங்கொட்டைப் பசை விட்டுத் தோல் பிரியும். குளிர்கால அரங்கில் வெப்பமூட்டியால் காற்று வறண்டிருக்கும், அங்கே காய்ச்சவே தேவைப்படாது. அதற்கு மேல் இறுக்கினால் தோல் கிழியும்.

மதுரைக்காரர் கேட்காமல் விட்ட ஒன்று எனக்கு இதைவிட முக்கியம். தோல் பதப்படுத்திப் பறை கட்டுகிறவரின் பெயர் எந்த விழாப் பிரசுரத்திலும் இருப்பதில்லை. அழைப்பு பேசும்போதே "பறை கட்டும் பட்டறை, ஒரு நாள்" என்று நிரலில் ஒரு வரி சேருங்கள். அமெரிக்காவானால் சொல்லிக்கொடுக்க வருபவர் என்று பி-3 மனுவிலேயே அவரையும் சேர்க்கலாம். அடிக்கிறவர் மட்டும் போய், கட்டுகிறவர் ஊரிலேயே நிற்பது அரைப் பரிமாற்றம்.

கேள்வி (கோவை): பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் ஆடலாமா?

பதில்: அங்கே மட்டும் விதி வேறு. 2024 ஜனவரி 31 முதல் சாதாரண வருகையாளர் விசாவிலேயே ஊதிய நிகழ்ச்சிக்கு இடமுண்டு. தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும், அங்குள்ள அமைப்பு முன்கூட்டியே அழைத்திருக்க வேண்டும், விண்ணப்பத்தில் அதைச் சொல்ல வேண்டும், போய் இறங்கிய 30 நாளுக்குள் நிகழ்ச்சி முடிய வேண்டும்.

கேள்வி (திருச்சி): ஜெர்மனிக்குச் சுற்றுலா விசாவில்...

பதில்: மேலே சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். நிகழ்ச்சிக்கென்றே சொல்லி விண்ணப்பியுங்கள், பயணத்துக்கு 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி): பேசிய தொகையில் ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏன்?

பதில்: வரி. ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோவுக்கு மேல் போனால் 15.825% பிடிப்பார்கள். பிரிட்டனில் 20%, அமெரிக்காவில் 30% பொது விகிதம். ஒப்பந்தத்தில் "வரிக்குப் பிந்தைய தொகை" என்று எழுதி வாங்குங்கள். பிடித்ததற்குச் சான்றிதழும் கேளுங்கள், இங்கே கணக்கில் கழிக்க அது வேண்டும்.

கேள்வி (காஞ்சிபுரம்): ஐரோப்பிய நாட்டுப்புற விழா ஒன்று ஆளுக்கு 400 யூரோ பங்கேற்புக் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: வேண்டாம். சில முறையான விழாக்களில் விமானச் செலவு குழுவுடையது, தங்குமிடமும் உணவும் அழைப்பவருடையது. அது வழக்கம். மேடை ஏறவே கட்டணம் என்பது வேறு. விமானம், கூடுதல் எடை, விசாக் கட்டணம், காப்பீடு, தினப்படி, ஒளிப்பதிவு உரிமை: இந்த ஆறும் யார் பொறுப்பு என்று அழைப்புக் கடிதத்தில் எழுத மறுப்பவருக்குப் பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி (வேலூர்): கடிதம் குழுத்தலைவர் பெயருக்கு மட்டும் வந்தால் போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொருவர் பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே, அவரவர் தொகையோடு.