வேர் போன ஆர்க்கிட் பிழைக்குமா?

கேள்வி: போன மே மாதம் ஏற்காடு போயிருந்தபோது ஒரு நர்சரியில் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். பூ உதிர்ந்ததும் செம்மண்ணும் எருவும் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இலை சுருங்கித் தொங்கியதால் தினமும் தண்ணீர் ஊற்றினேன். நேற்று லேசாகப் பிடித்துத் தூக்கினால் செடி கையோடு வந்துவிட்டது, அடியில் ஒரு நல்ல வேர்கூட இல்லை. மூன்று இலை பச்சையாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போடாதீர்கள் அம்மா. அந்த மூன்று இலைதான் இப்போது செடியின் கையிருப்பு. முதலில் நடுக்குருத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தால் காப்பாற்றுவது கஷ்டம், உறுதியாக இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

இந்தச் செடி காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், நனைந்தால் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறமாகும், இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் வேருக்கு மூச்சு. செம்மண்ணில் எந்நேரமும் ஈரத்தில் கிடந்ததால் அழுகிவிட்டது. வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது, இலை சுருங்கும், நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். நிறைய ஆர்க்கிட்கள் இப்படித்தான் போகின்றன.

சரி, இப்போது செய்ய வேண்டியது. செடியைக் கழுவிவிட்டு மிச்ச வேர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், அழுகியது என்றால் மேலுறை வழுக்கிக் கழன்று நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கும். தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அதையெல்லாம் வெட்டுங்கள். விரலுக்குக் கெட்டியாகத் தெரிவது அரை அங்குலம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைக்கலாம், நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும். பூத்தண்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் நிழலில் காயட்டும்.

அப்புறம் மூடியுள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஸ்பேக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வகைப் பாசி) நனைத்து, சொட்டுத் தண்ணீர் வராத அளவு பிழிந்து பரப்புங்கள். அடித்தண்டு பாசியைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்படி செடியைச் சாய்த்து வையுங்கள். வேர் இல்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் இலை வழியாகப் போகும் தண்ணீர் குறையும், அவ்வளவுதான் நாம் செய்யக்கூடியது. தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்துவிடுங்கள். உரம் வேண்டவே வேண்டாம். குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது.

வெளிச்சம் வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது. ஏற்காட்டு மூடுபனி வேறு, நம் சேலத்து வெயில் வேறு. ஒரு ஏப்ரல் மாதம் இப்படி மூடிவைத்த டப்பாவை மேற்கு ஜன்னலில் மறந்து வைத்துவிட்டேன், சாயங்காலம் பார்த்தால் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சில செடி ஒரு மாதத்தில் வேர் விடும், சிலது நான்கைந்து மாதம் எடுக்கும். அதுவரை சுருக்கம் விழுந்த இலையைக் கிள்ள வேண்டாம். அடியிலைக்குப் பக்கத்தில் தண்டைக் கிழித்துக்கொண்டு அரிசி அளவில் பச்சை முனை எட்டிப் பார்க்கும். அது இரண்டு மூன்று அங்குலம் நீண்டதும், பக்கமெல்லாம் ஓட்டை போட்ட சின்னத் தொட்டியில் அடுப்புக்கரியும் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

கேள்வி: சேர்வராயன் மலையில் மரத்தில் இருக்கும் காட்டு ஆர்க்கிட்டை எடுத்து வந்து வளர்க்கலாமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் சேமித்த உணவு இல்லையென்றே சொல்லலாம், காட்டில் ஒரு பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். ஒரு செடி அந்தக் கிளையில் வளர்ந்து நிற்க எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது, போய்ப் பாருங்கள். வளர்க்க நர்சரியில் வாங்குங்கள்.