பின்தொடை இறுக்கத்துக்கு ஸ்ட்ரெச்சிங்கைக் கூட்ட வேண்டுமா?

கேள்வி: தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒன்றில் விங்கராக, அதாவது களத்தின் பக்க ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரராக, ஆடுகிறேன். வயது 24, எடை 70 கிலோ. சென்ற பருவத்தில் வலது பின்தொடை இரண்டு முறை பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறை, களத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்திலேயே. இப்போது வலி இல்லை, ஆனால் இறுக்கம் போகவில்லை. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் குனிந்து கால்விரலைத் தொட்டபடி நிற்கிறேன். ஆட்டம் முடிந்த இரவு ஐஸ் தொட்டி, மறுநாள் எண்ணெய் மசாஜ். இந்தப் பருவத்தில் புதன் இரவு ஒன்று, சனி இரவு ஒன்று என்று ஆட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்ட்ரெச்சிங்கை இன்னும் கூட்ட வேண்டுமா? ஒரு ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். ஆட்டத்துக்கு முன் செய்வதைக் குறைத்துவிடுங்கள். ஒரு தசையை ஒரே நிலையில் 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்து நின்றால், அதன்பின் சிறிது நேரத்துக்கு அதன் வலுவும் துள்ளலும் சற்றுக் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் ஒத்துவந்த முடிவு. குறைவது சில சதவீதம்தான் என்றாலும், முதல் ஐந்து மீட்டரிலேயே எதிரணித் தடுப்பாட்டக்காரரைக் கடக்க வேண்டிய விங்கருக்கு அதுவும் ஒரு இழப்பே. 30 விநாடிக்கு உட்பட்ட நீட்சியால் பாதகமில்லை. அதற்குப் பிறகு கால் வீச்சு, முழங்காலை உயர்த்தி ஓடுதல், படிப்படியாக வேகம் கூட்டும் ஓட்டம் என்று உடலைச் சூடேற்றிவிட்டால் போதும்.

நீங்கள் இருபது நிமிடம் இழுப்பதால் தசை கிழியாமல் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இதில் பெரிய சிக்கல். பின்தொடையில் இருப்பவை மூன்று தசைகள். முழு வேக ஓட்டத்தில் பெரும்பாலும் காயப்படுவது அவற்றில் வெளிப்பக்கம் இருக்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலைப்பகுதி. காயம் நேரும் கணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்கால் நிமிர்ந்துகொண்டிருக்கும்போது, இந்தத் தசை நீண்டுகொண்டே கீழ்க்காலின் வேகத்தையும் அடக்க வேண்டியிருக்கிறது. ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் பிடிப்பது போன்ற வேலை அது. நீண்ட நிலையில் சுமை தாங்கும் வலு அந்தத் தசைக்கு இல்லாவிட்டால், குனிந்து கால்விரலைத் தொட முடிவதால் மட்டும் அது பிழைத்துவிடாது. நடனக் கலைஞர்களைப் போல் உடல் வளையும் ஆட்டக்காரர்களுக்கும் பின்தொடை கிழிந்து, ஸ்ட்ரெச்சரில் போவதைப் பார்க்கிறோம்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஈஎஃப்ஏ 2001 முதல் ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களில் நடத்திவரும் காய ஆய்வின்படி, 2001-02 பருவத்தில் எல்லாக் காயங்களிலும் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயங்கள் 2021-22இல் 24 சதவீதமாகிவிட்டன. ஆட்டத்தின் வேகம் கூடியதும் போட்டிகள் நெருங்கி வருவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதே ஆய்வில், இந்தக் காயங்களில் 18 சதவீதம் முன்பு காயப்பட்ட இடத்திலேயே மீண்டும் வந்தவை. அப்படி மீண்டும் வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆட்டத்துக்குத் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் நேர்ந்தவை. உங்கள் இரண்டாவது காயமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. வலி நின்றதும் களமிறங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வலி நிற்பதற்கும் தசை தன் பழைய வலுவைப் பெறுவதற்கும் இடையே பல வார இடைவெளி உண்டு.

பயிற்சிக்குப் போகுமுன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். உங்கள் இறுக்கம் தசையிலிருந்து வராமல், இடுப்பிலிருந்து தொடையின் பின்புறம் வழியே இறங்கும் சயாட்டிக் நரம்பிலிருந்தும் வரலாம். ஒரு மேசையின் விளிம்பில் தொடை முழுவதும் பதியும்படி உட்காருங்கள். கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, முதுகைக் கூன் போட்டு, மோவாயை மார்பில் பதியுங்கள். அந்த நிலையில் வலது முழங்காலை மெல்ல நீட்டி, பின்தொடை இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது காலையும் முதுகையும் அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். தலை நிமிர்ந்ததும் தொடையின் இழுப்பு சட்டென்று தளர்ந்தால், அதில் நரம்புக்குப் பங்கிருக்கிறது என்று பொருள். கழுத்துக்கும் பின்தொடைத் தசைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது அல்லவா. அப்படியிருந்தால் இழுத்து நிற்பது நரம்பை மேலும் எரிச்சலூட்டும். கீழ்முதுகையும் சேர்த்துப் பார்க்கும்படி கழகத்தின் பிசியோவிடம் சொல்லுங்கள். தலையை நிமிர்த்தியும் மாற்றமில்லை என்றால் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் நார்டிக் பயிற்சி. மெத்தை விரிப்பில் முழங்காலிட்டு நில்லுங்கள். துணைக்கு ஒருவர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். தலையிலிருந்து முழங்கால் வரை உடல் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, இடுப்பு மடங்காமல், முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கைகளாலேயே தள்ளி எழுந்துவிடலாம். இறங்கும்போது தாக்குப்பிடிப்பதில்தான் பலன் இருக்கிறது. டென்மார்க்கில் 50 அணிகளைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சியைப் பத்து வாரம் செய்த குழுவில் 15 பின்தொடைக் காயங்களும், வழக்கமான பயிற்சியோடு நின்ற குழுவில் 52 காயங்களும் பதிவாயின. அதிலும் முன்பே காயப்பட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு மிக அதிகம். இவ்வளவு தெளிவான பயிற்சியை ஐரோப்பாவின் பெரிய கழகங்களிலேயே பெரும்பாலானவை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்று 2015இல் இன்னொரு ஆய்வு காட்டியது. கருவி வேண்டாம், செலவும் இல்லை. அதனால்தான் யாரும் மதிப்பதில்லையோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று போதும். தொடக்கத்தில் தொடை நன்றாக வலிக்கும். ஆகவே ஒரே ஒரு ஆட்டம் உள்ள வாரத்தில், அடுத்த ஆட்டத்துக்குப் போதிய நாட்கள் இருக்கும்போது தொடங்குங்கள். சில வாரங்களில் உடல் பழகிவிடும். அதன்பின் இரண்டு ஆட்டம் உள்ள வாரங்களில், சனி ஆட்டத்துக்கு மறுநாளே நான்கைந்து முறை வீதம் இரண்டு சுற்று செய்து முடித்துவிடலாம். திங்கள் அல்லது செவ்வாய்க்கு ஒத்திவைத்தால் அந்த வலி புதன் ஆட்டத்தில் வந்து நிற்கும்.

இதோடு தசை நீண்ட நிலையிலேயே சுமை ஏற்றும் பயிற்சிகளும் தேவை. ஒற்றைக்காலில் நின்று, முழங்காலை இலேசாக மடித்து, கைகளை முன்னே நீட்டியபடி இடுப்பிலிருந்து குனிந்து, மற்றக் காலைப் பின்னால் உயர்த்துவது அவற்றில் ஒன்று. சுவீடனின் முதல்தரக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 75 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பின்தொடை காயப்பட்ட பின் இவ்வகைப் பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாளிலும், வழக்கமான வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்தவர்கள் 51 நாளிலும் முழுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். தசையை நீட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். சுமையில்லாமல் தொங்கவிட்டு நீட்டுவதைவிட, சுமையைத் தாங்கியபடி நீளும்படி தசையைப் பழக்குவதே உங்களுக்குத் தேவை.

இன்னொன்று, முழு வேக ஓட்டம். காயப்பட்டவர்கள் பயிற்சியில் பயந்து முக்கால் வேகத்தில் ஓடுவார்கள். ஆட்டத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் பந்து விழுந்ததும் தன்னை மறந்து முழு வேகத்தில் பாய்வார்கள். பல வாரங்களாக அந்த வேகத்தையே காணாத தசை அப்போதுதான் கிழிகிறது. உங்கள் உச்ச வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல், வாரத்துக்கு ஒரு முறையேனும் சில ஓட்டங்கள் ஓடியாக வேண்டும். ஆட்டத்தில் முழு நேரம் ஆடிய வாரத்தில் அது தானாகவே கிடைத்துவிடும். மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்த வாரத்தில்தான் இதை மறக்கக் கூடாது.

குனிந்து நீட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டியதில்லை. இரவில், உடல் தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு தசைக்கும் 30 விநாடி வீதம் இரண்டு மூன்று முறை செய்தால் மூட்டுகளின் வீச்சு நாளடைவில் கூடும், மனமும் அமைதிப்படும். அடுத்த நாள் தசை வலி இதனால் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உடற்பயிற்சிக்கு முன்போ பின்போ நீட்டுவதால் குறையும் வலி, நூறு புள்ளி அளவில் ஓரிரு புள்ளிகளை ஒட்டியதுதான் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி புதனுக்கும் சனிக்கும் நடுவே என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். ஒரு முழு ஆட்டத்தில் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஓடிய உடலுக்குத் தசை வலுவும், தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தும் பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது. உங்களுக்கு இருப்பது சரியாக 72 மணி நேரம். முதல் சில மணி நேரத்தை வீணடித்தால் ஈடுகட்ட நாள் கிடையாது. ஆட்டம் முடிந்த நான்கு மணி நேரத்துக்கு, கிலோ எடைக்கு ஒரு கிராம் வீதம், உங்கள் கணக்கில் மணிக்கு 70 கிராம் மாவுச்சத்து தேவை. உடை மாற்றும் அறையிலேயே இரண்டு வாழைப்பழமும் பழச்சாறும், அறைக்குத் திரும்பியதும் முட்டையோ கோழியோ சேர்த்துச் சோறும் சாப்பிட்டால் மாவுச்சத்தோடு புரதமும் சேர்ந்துவிடும். களைப்பில் பசிக்கவில்லை என்று ஒரு தேநீரோடு படுத்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு கிலோ வரை குறைவது சாதாரணம். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், உப்பும் சேரும்படி, சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடித்து ஈடுகட்டுங்கள்.

அடுத்தது தூக்கம். இதற்கு ஈடான சிகிச்சை எதையும் எந்தக் கழகமும் இன்னும் வாங்கிவிடவில்லை. இரவு ஆட்டத்துக்குப் பின் தூக்கம் தள்ளிப்போவது இயல்பு. ஆட்டத்துக்கு முன் எடுத்த காபியோ காஃபீன் மாத்திரையோ பாதியளவு நள்ளிரவு வரை உடலில் தங்கியிருக்கும். மறுநாள் அதிகாலை விமானத்தைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழுப்பும் கழகமாக இருந்தால், பயணத்தைச் சில மணி நேரம் தள்ளிவைக்கும்படி மூத்த ஆட்டக்காரர்கள் மூலம் கேட்டுப் பாருங்கள். பகலில் அரை மணி நேரம் கண்ணயர்வதும் கைகொடுக்கும். வியாழனன்று இலேசான சைக்கிள் ஓட்டம், நடை, நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஐஸ் தொட்டியைப் புதன் இரவு பயன்படுத்தலாம். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் நீரில் 10 முதல் 15 நிமிடம் இருந்தால் வலியுணர்வு குறையும். தண்ணீர் முழுக்க ஐஸ்கட்டி மிதக்க வேண்டும் என்ற வீராப்பு வேண்டாம். வலுவூட்டும் பயிற்சி செய்த நாளில் மட்டும் இறங்காதீர்கள். தொடர்ந்து அப்படிச் செய்தால் அந்தப் பயிற்சியால் தசை வளர்வதைக் குளிர் மட்டுப்படுத்துகிறது. ஃபோம் ரோலரும் மசாஜ் கன்னும் சற்று நேரத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

எண்ணெய் மசாஜைப் பொறுத்தவரை, களைத்த தசைக்கு இதமாக நீவி விடுவதில் தவறில்லை. ஆனால் ஓடும்போது பின்தொடையில் யாரோ அடித்ததுபோல் சுரீரென்று வலித்து நின்றுவிட்டால், அடுத்த இரண்டு மூன்று நாள் யாரையும் அங்கே கை வைத்துச் சுளுக்கு எடுக்க விடாதீர்கள். கிழிந்த தசையை அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக் கசிவு கூடும். தோல் கன்றிக் கறுத்தாலோ, உட்காரும் எலும்பை ஒட்டி வலித்தாலோ, தடவிப் பார்க்கையில் பள்ளம் தட்டுப்பட்டாலோ எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது.

ஊசி வேண்டாம். வலி இல்லாத இறுக்கத்துக்கு வலி நிவாரணி ஊசியால் ஆவது ஒன்றுமில்லை; வலி இருந்தாலோ, அது சொல்லும் எச்சரிக்கையை மறைத்துவிட்டு உங்களை முழு வேகத்தில் ஓடவிடும். உங்கள் வாழ்வாதாரத்தையே தொடும் இன்னொரு ஆபத்தும் இதில் உண்டு. ஸ்டெராய்டு வகையான குளுக்கோகார்ட்டிகாய்டுகளை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும், 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் தடை செய்யப்பட்ட மருந்து. டிரமடால் என்ற வலி நிவாரணி 2024 ஜனவரி முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் சாதாரண மருத்துவமனைகளில் தாராளமாக எழுதித்தரப்படுபவை. போட்டி நாளில் சோதனைக்கு அழைத்தால், மருத்துவர் கொடுத்தார் என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. எந்த மருத்துவர் ஊசியை எடுத்தாலும், நீங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட ஆட்டக்காரர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மருந்தின் வேதிப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, கழக மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே கையை நீட்டுங்கள்.