ஆத்தங்குடிக் கல் டிசைனை வாழ்த்து அட்டையில் ஸ்டாம்ப் செய்தால் கோடு கலங்குவது ஏன்?

காரைக்குடியில் அக்கா கல்யாணத்துக்காக, ஆத்தங்குடிக் கல்லில், அதாவது செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் வண்ண ஓட்டில் இருக்கும் பூவை, அழிரப்பரில் செதுக்கிப் பதித்தால் கோடெல்லாம் பரவுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செதுக்கலைச் சந்தேகிக்காதீர்கள், ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை தண்ணீர் மாதிரி, மெல்லிய தாளில் ஊறி ஓடிவிடும். தாளில் ஊறாமல் மேலேயே நிற்கும் கெட்டியான பிக்மெண்ட் மையும் வழவழப்பான கெட்டி அட்டையும் வாங்குங்கள். மைப் பேடை ஸ்டாம்பின் மேல் லேசாகத் தட்டி, நேராக அழுத்தி, ஆட்டாமல் நேராகவே தூக்குங்கள்.

அப்புறம், முழுப் பூவையும் செதுக்க வேண்டாம். நம் வீட்டுத் தரையில் நாலு கல் சேர்ந்துதானே பல பூக்கள் முழுசாகின்றன? கால் பூவைச் செதுக்கி, நாலு தடவை திருப்பித் திருப்பிப் பதித்தால் போதும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

தங்க நிறம் வேண்டுமென்றால், சூட்டில் உருகி மேடாகப் படியும் தங்க நிற எம்பாசிங் தூள் வாங்குங்கள். பதிக்கும் முன் அட்டையில் முகப் பவுடரை லேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள், கைப்பிசுக்கில் எம்பாசிங் தூள் ஒட்டாது. பிக்மெண்ட் மை ஈரமாக இருக்கும்போதே எம்பாசிங் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஹீட் கன்னை (கடும் சூட்டுக் காற்று ஊதும் கருவி) காட்டுங்கள். மணல் போலிருந்த தூள் சட்டென்று உருகிப் பளபளக்கும், அந்த நொடியே நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் அட்டை வளைந்துவிடும். ஹேர் டிரையர் சரிப்படாது, சூடும் பத்தாது, தூளும் பறந்துவிடும்.